நடுரோட்டில் கார் நின்றால்: பெங்களூரில் கார் ஓட்டும் தமிழர்களுக்கான கேள்வி பதில்

பெங்களூரில் வேலை, சேலத்திலோ கோவையிலோ வேலூரிலோ வீடு என்று இருப்பவர்கள் ஏராளம். வார நாட்களில் அவுட்டர் ரிங் ரோடு, வெள்ளிக்கிழமை ராத்திரி அத்திபெலே டோல்கேட். இந்த இரண்டு விதமான ஓட்டத்திலும் கார் எங்கெங்கே காலை வாரும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதிலுக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஆட்களை ரோட்டிலிருந்து நகர்த்துவது, அடுத்து பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியப்படுத்துவது, வண்டியைப் பற்றிய யோசனை அதற்கப்புறம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. முதலில் என்ன செய்வது?

வண்டியில் மிச்சமிருக்கும் வேகம்தான் உங்களை ஓரம் சேர்க்கும். பதறி பிரேக் போட்டு அதை வீணாக்காதீர்கள். ஹசார்டு லைட்டைப் போடுங்கள், நியூட்ரலுக்கு மாற்றுங்கள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இடது ஓரத்துக்கு உருள விடுங்கள். இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் இருக்காது, இரண்டு கையாலும் அழுத்தித் திருப்ப வேண்டும். பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் வரும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரே அழுத்தாக மிதியுங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை உருவக்கூடாது. ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும்.

ஓரம் என்றால் வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம், முடிந்தால் மண் தரை வரை. நின்றதும் ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரங்களை இடப்பக்கம் ஒடித்து வையுங்கள். பின்னால் யாராவது இடித்தாலும் கார் ரோட்டுக்குள் பாயாமல் வெளிப்பக்கம் போகும். எல்லோரும் இடது கதவு வழியாகவே இறங்க வேண்டும். டிரைவர் உட்பட.

எச்சரிக்கை முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது?

காருக்குப் பின்னால் நாலு அடியில் வைப்பது வைக்காததற்குச் சமம். 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஊருக்குள் 50 மீட்டர், அதாவது சாதாரண நடையில் சுமார் 65 எட்டு. ஓசூர் ரோடு, மைசூர் எக்ஸ்பிரஸ்வே போன்ற இடங்களில் 100 மீட்டருக்குக் குறையக்கூடாது. வளைவு, மேம்பால ஏற்றம் என்றால் அதற்கு முன்பே வையுங்கள். வளைவைத் தாண்டிய பிறகு தெரிகிற முக்கோணத்தால் பயனில்லை.

வைக்கப் போகும்போது தடுப்புக் கம்பிக்கு வெளிப்பக்கமாக, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். முக்கோணத்தை விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போனால் உங்களுக்கும் அதுவே பாதுகாப்பு. பெரிய கல்லை ரோட்டில் வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தக் கல் இருட்டில் ஒரு பைக்காரரின் உயிரை வாங்கும். பச்சைக் கிளையை ஒடித்து வைப்பது பகலில் கைகொடுக்கும்.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் நின்றுவிட்டால்? அங்கே ஒதுங்க இடமே இல்லையே.

இருக்கிற நிலைமைகளில் மோசமானது இதுதான். கிட்டத்தட்ட 10 கி.மீ. நீளம், நடைபாதை கிடையாது, வருகிறவர்கள் எல்லோரும் வேகத்தில் வருகிறார்கள். 2021 செப்டம்பரில் இதே மேம்பாலத்தில் ஓரமாக நின்றிருந்த இருவர், வேகமாக வந்த கார் மோதியதில் கீழே விழுந்து இறந்தார்கள்.

அதனால் வண்டி நகரும் நிலையில் இருந்தால் எப்பாடுபட்டாவது பாலத்தை விட்டு இறங்கிவிடுங்கள். பஞ்சர் என்றால் ஹசார்டு லைட்டோடு 15 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே போகலாம். டயர் கிழியும், ரிம் கூட வளையும். போனால் போகட்டும். அதை இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அசையவே அசையாது என்றால், பின்னால் டிராஃபிக் மெதுவாக ஊர்கிறதா, பறக்கிறதா என்று பாருங்கள். ஊர்கிறது என்றால் இடது கதவு வழியே இறங்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி, காரிலிருந்து விலகிப் போய் நிற்கலாம். பறக்கிறது என்றால் உள்ளேயே சீட் பெல்ட்டோடு, தலையை ஹெட்ரெஸ்டில் சாய்த்து உட்கார்ந்து 112-க்கு அழையுங்கள். காருக்கும் சுவருக்கும் நடுவிலோ, டிக்கிக்குப் பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. மேம்பாலத்தின் மேல் டயர் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

யாரைக் கூப்பிடுவது? இடத்தை எப்படிச் சொல்வது?

உயிருக்கு ஆபத்து, தீ, நடு லேனில் வண்டி நிற்கிறது என்றால் 112. ஆம்புலன்சுக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் 1033. ஓசூர் ரோடும் மைசூர் எக்ஸ்பிரஸ்வேயும் இதில் அடங்கும். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூன்றையும் இந்த எண் வழியே வரவழைக்கலாம். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் மெயின் ரோட்டில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் தடை. பக்கத்து ஊர் பஞ்சர்க்காரர் பைக்கில் வந்து உதவுவார் என்று அங்கே எதிர்பார்க்க முடியாது. இன்சூரன்ஸ் பாலிசியிலோ கார் கம்பெனி வாரன்டியிலோ ரோட் சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் அந்த எண்ணை போனில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும்.

இடம் சொல்வதில்தான் நேரம் வீணாகிறது. பெங்களூருக்குள் மெட்ரோ பாதைக்குக் கீழே நின்றால் தூணில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், அதைவிடத் துல்லியம் வேறில்லை. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல், அதோடு எந்தத் திசையில் போகிறீர்கள் என்பது. "கிருஷ்ணகிரி தாண்டி" என்று மட்டும் சொன்னால் எதிர்ப்பக்க ரோட்டுக்கு வந்துவிட்டு, அடுத்த யு டர்னைத் தேடிச் சுற்றுவார்கள்.

பஞ்சர். ஸ்டெப்னி மாற்றுவது எப்படி?

முதலில் இடம். தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். வலப்பக்கச் சக்கரம் பஞ்சர் என்றால் மாற்றுகிறவரின் முதுகு டிராஃபிக் பக்கம் இருக்கும். நெடுஞ்சாலையில் அகலமான ஓரம் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது. மெதுவாக உருட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க்கோ சர்வீஸ் ரோடோ வரும்வரை போங்கள்.

எல்லோரையும் இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க். பஞ்சரான சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே இருக்கும் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். முன் இடது பஞ்சர் என்றால் கல் பின் வலதுக்கு. ஸ்டெப்னியை எடுத்து, மாற்றப் போகும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கார் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அதன்மேல் உட்காரும், உங்கள் கைமேல் உட்காராது.

ஜாக்கி ஏற்றும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளை இடப்புறமாகத் திருகி அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து சரியும். நட் அசையவில்லை என்றால் ஸ்பேனர் கைப்பிடியில் இரண்டடி இரும்புப் பைப்பைச் செருகி அழுத்துங்கள். பஞ்சர் கடையில் மெஷின் வைத்து முறுக்கிவிட்ட நட்டுகள் வெறுங்கைக்கு மசியாது.

ஜாக்கியை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தால், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னும் இரண்டிரண்டு சின்ன வெட்டுகள் கைக்குத் தட்டுப்படும். பஞ்சரான சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெட்டுக்கு நடுவில் ஜாக்கியின் பள்ளம் பொருந்த வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் தகடு மடியும். மண் தரை என்றால் அடியில் பலகை போடுங்கள். டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பினால் பழைய டயரைக் கழற்றலாம், காற்று நிறைந்த ஸ்டெப்னி நுழைய இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். எந்த நிலையிலும் உடம்பின் ஒரு பாகமும் காருக்கு அடியில் போகக்கூடாது.

ஸ்டெப்னியை மாட்டும்போது நட்டின் கூம்பான முனை உள்பக்கம் பார்க்க வேண்டும். கையால் எல்லா நட்டையும் முடுக்கி, காரை இறக்கி, பிறகு எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். வரிசையாகச் சுற்றி இறுக்கினால் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்து உட்காரும். சின்னக் கார்களுக்குத் தேவையான இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர். காரோடு வரும் ஸ்பேனரில் கையால் நன்றாக அழுத்தினாலே கிட்டத்தட்ட வந்துவிடும். ஏறி நின்று மிதித்தால் மரை போகும். 50 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

மற்ற டயர்களைவிட ஒல்லியான ஸ்டெப்னி என்றால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. அதில் 60 பிஎஸ்ஐ என்று எழுதியிருந்தால் 60-தான் வைக்க வேண்டும், மற்ற டயர்களுக்கு வைக்கும் 33 போதாது.

என் காரில் ஸ்டெப்னியே இல்லையே?

டயர் பிரஷர் காட்டும் வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தராமலே விற்கலாம் என்று 2020-ல் விதி மாறியது. கிட்டில் இருக்கும் திரவம் டயரின் தரையில் படும் பகுதியில் ஆணி அளவு ஓட்டையைத்தான் அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் அடைக்காது, டோயிங்தான். ஆணியைப் பிடுங்காமல் திரவத்தை ஏற்றி, காற்றடித்து, உடனே சில கி.மீ. மெதுவாக ஓட்டினால்தான் உள்ளே பரவும். அந்தத் திரவத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. டப்பாவில் பாருங்கள்.

வேகமாகப் போகும்போது டயர் வெடித்தால்?

பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் 40-க்குக் கீழே வந்த பிறகு ஓரம் கட்டலாம். வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்று. பக்கவாட்டு ரப்பர் மடிந்து மடிந்து சூடேறிக் கிழிகிறது. சிமென்ட் ரோட்டின்மேல் பழியைப் போடுவதற்கு முன் காற்றளவைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது. ஆறு வயது தாண்டிய டயரோடு நெடுஞ்சாலை வேகம் வேண்டாம்.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.

பேட்டரி இறங்கியிருக்கிறது. ஹெட்லைட் போட்டுப் பாருங்கள். மங்கினால் சந்தேகமே இல்லை. பிரகாசமாக எரிந்து, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்க்க வேண்டும். எதற்கும் முன்னால் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பச்சை, வெள்ளைப் பூப்பு படிந்து தளர்ந்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து முடுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மல்டிமீட்டர் இருந்தால், நின்ற வண்டியில் 12.6 வோல்ட் முழு பேட்டரி, 12.2 பாதி. 12-க்குக் கீழே என்றால் ஜம்ப் தேவை, அதாவது இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்ப வேண்டும்.

ஜம்பர் கேபிளை மாட்டும் வரிசை முக்கியம். இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இரண்டும் ஆஃபில் இருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கும், பொறி பட்டால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் காரை முயலுங்கள். கிளம்பியதும் மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுங்கள்.

மெல்லிய கேபிள் சூடாகி உருகுமே தவிர வண்டியைக் கிளப்பாது. பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு, டீசலுக்கு 25 என்று ஜே.சி. ரோடு கடைகளில் கேட்டு வாங்குங்கள்.

கிளம்பிய பிறகு அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் வோல்ட் காட்டவில்லை என்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ போயிருக்கிறது. பேட்டரியை மாற்றிப் புண்ணியமில்லை. கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்: சாவி ஆன், இரண்டாம் கியர், கிளட்சை மிதித்தபடி தள்ளி, வேகம் பிடித்ததும் கிளட்சை விட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது.

பட்டன் ஸ்டார்ட் வண்டி. 'சாவி இல்லை' என்று காட்டுகிறது, சாவி கையில் இருக்கிறது.

சாவிக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து, பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் வேலை செய்யும். கதவைத் திறக்க, சாவிக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி செருகியிருக்கும்.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. நெரிசலில் மாட்டியிருக்கிறேன்.

ஏசியை ஆஃப் செய்து, ஹீட்டரை முழு சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூடு ஹீட்டர் வழியாக வெளியேறும். அந்த அவகாசத்தில் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சிவப்பில் இன்னும் இரண்டு கி.மீ. ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். சில நூறு ரூபாய் ஹோஸ் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை, இன்ஜினை இறக்கும் வேலையாகிவிடும்.

பானெட்டுக்கு வெளியே ஆவி அடங்கிய பிறகே பானெட்டைத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடக்கூடாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் இருப்பதால் 110 டிகிரியிலும் திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்த மறுகணம் அத்தனையும் ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. தொளதொளவென்று அமுங்கினால் மூடிமேல் ஈரத்துணி போட்டு, மெல்லத் திருகலாம்.

கூலன்ட் குறைந்திருந்தால் குடிதண்ணீர் பாட்டிலைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும். போர்வெல் தண்ணீர் கடைசி வழி. அதன் உப்பு ரேடியேட்டருக்குள் படியும், ஷெட்டுக்குப் போனதும் கழுவிவிட்டுப் புது கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். கூலன்ட் சரியாக இருக்கிறது, நெரிசலில் மட்டும் சூடாகிறது, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் பெட்டியில் அதன் ரிலேயை (ஸ்விட்ச் போல வேலை செய்யும் சின்னப் பெட்டி), அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் வீடு போய்ச் சேரலாம், ஹார்ன்தான் அடிக்காது.

எந்த விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்?

சிவப்பு எல்லாம். குறிப்பாக எண்ணெய்க் குடுவைப் படம்: ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள், அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள், அடுத்த பங்க் வரை என்று கணக்குப் போடாதீர்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஷெட் வரை போகலாம். மினுக்கினால் போகக்கூடாது.

மழையில் அண்டர்பாஸில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. முன்னால் போன வண்டி தாண்டிவிட்டது. போகலாமா?

கூடாது. 2023 மே 21 அன்று விதான சௌதாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் கார் மழைநீரில் மூழ்கி ஒரு இளம்பெண் இறந்தார். நகரத்தின் நட்டநடுவில், பகல் நேரத்தில் நடந்தது இது. அண்டர்பாஸ் கிண்ணம் போன்றது. ஓரத்தில் கணுக்கால் அளவு தெரிந்தால் நடுவில் இடுப்பளவு இருக்கும். சுமார் 30 செ.மீ. தண்ணீரே சின்னக் காரின் சக்கரப் பிடிப்பைத் தளர்த்திவிடும்.

உள்ளே மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், வெளியேறுங்கள், இந்த வரிசையில். கண்ணாடியை இறக்குவது போன் செய்வதற்கும் முன்னால். தண்ணீர் ஏறினால் பவர் விண்டோ நின்றுவிடலாம். தண்ணீர் கதவின் பாதியைத் தாண்டினால் வெளி அழுத்தத்தில் கதவைத் திறக்க முடியாது. பிள்ளைகளை முதலில் ஜன்னல் வழியே வெளியே கொடுங்கள். கண்ணாடி இறங்கவில்லை என்றால் ஹெட்ரெஸ்டை உருவி, அதன் இரும்புக் கம்பி முனையைப் பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் ரப்பருக்குள் செருகி நெம்புங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருந்தால் மூலையில் அடியுங்கள், நடுவில் வேண்டாம். முன் கண்ணாடியில் நேரத்தைக் கழிக்காதீர்கள். இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விடும், வழி விடாது.

தண்ணீரில் நின்ற காரைத் தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலேறும்போது அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர் பக்கம் பேஸ்மென்ட்டுகளில் கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரை ஒரே ஒரு சுற்று கிராங்க் செய்தாலும் இன்ஜின் போய்விடும். சாதாரண இன்சூரன்ஸ் அந்தச் சேதத்தைத் தராது, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, பிளாட்பெட்டில் (வண்டியை முழுதாக மேலே ஏற்றிப் போகும் லாரி) அனுப்புங்கள்.

சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால்?

அங்கே கார்களில் நடப்பது பெரும்பாலும் பிரேக் சூடாகி விடுவதுதான். இறக்கம் முழுதும் பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் பேட் காயும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், அழுத்தம் கொஞ்சம் திரும்பும். அதே நேரத்தில் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஹேண்ட்பிரேக் லீவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழலும். நியூட்ரல் கூடாது, இன்ஜினை அணைக்கக்கூடாது.

வராமல் தடுப்பது சுலபம். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாம் கியர், லாரிக்குப் பின்னால் ஒட்டாமல் இடைவெளி, தேவைப்படும்போது மட்டும் அழுத்தமாக ஒரு பிரேக். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் கொதிநிலை இறங்குகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கிளட்ச் போய்விட்டால் ஓட்ட முடியுமா?

பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது என்றால், ரோடு காலியாக இருக்கும்போது இன்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்தால் சில வண்டிகள் குதித்துக் கிளம்பும். ஆபத்தான இடத்திலிருந்து நூறு மீட்டர் நகர்த்த அது போதும். சில்க் போர்டு வழியாக வீட்டுக்குப் போக அது வழியில்லை.

பானெட்டிலிருந்து புகை வருகிறது. தீயா, ஆவியா?

வெள்ளையாக, இனிப்பு வாசனையோடு வந்து கலைந்தால் கூலன்ட் ஆவி. கறுப்பாக, பிளாஸ்டிக் எரியும் நாற்றத்தோடு வந்தால் தீ. இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி, 30 மீட்டராவது தள்ளிப் போய் 112. பானெட்டைத் திறக்காதீர்கள். காற்று கிடைத்ததும் தீ உங்கள் முகத்தை நோக்கி எழும். ஒரு கிலோ தீயணைப்புப் பவுடர் சிலிண்டர் சில வினாடிகள்தான் வரும், தீ சிறியதாக இருக்கும்போது பானெட்டை ஒரு விரல் அளவு மட்டும் தளர்த்தி அந்த இடுக்கில் அடிக்கலாம். அதற்கு மேல் முயல வேண்டாம். சிஎன்ஜி வண்டியில் வாயு வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், சிலிண்டர் வால்வுக்குக் கை எட்டினால் அதை மூடிவிட்டு விலகுங்கள்.

டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டார்கள்.

ஸ்டார்ட் செய்யாதவரை டேங்கைக் காலி செய்வதோடு முடியும். அதனால் சாவியைக்கூடத் திருப்பாமல் பங்க்கிலேயே தள்ளி ஓரம் நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் போகும்.

டோ செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆட்டோமேட்டிக், எலக்ட்ரிக், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி மூன்றுக்கும் பிளாட்பெட்தான். எலக்ட்ரிக் காரைச் சக்கரம் உருள இழுத்தால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து பழுதாகும். வண்டியை ஏற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கயிறு கட்டி இழுப்பது ஊருக்குள் கொஞ்ச தூரத்துக்கு மட்டும், பம்பரில் கட்டாமல் காரோடு வரும் கொக்கியில் கட்டி.

ஊட்டி போகும் வழியில் பந்திப்பூர் காட்டில் நின்றுவிட்டால்?

அந்த ரோடு ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதனால் 8 மணிக்கு மேல் உள்ளே நுழையும்போதே யோசிக்க வேண்டும். நின்றால் கீழே இறங்காதீர்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், கண்ணாடியை ஏற்றி வையுங்கள். யானை தெரிந்தால் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு அசையாமல் இருங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, கடந்துபோகும் வண்டியிடம் செக்போஸ்ட்டில் சொல்லச் சொல்வதே வழி.

வழியில் விபத்தைப் பார்த்தால் உதவலாமா? போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமா?

வேண்டியதில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்குத் தொடர முடியாது என்கிறது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. அடிபட்டவரின் செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம், 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் பணமில்லாமல் சிகிச்சை உண்டு. 108-க்குச் சொல்லிவிட்டு, ரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கழுத்து, முதுகில் அடி என்று சந்தேகம் இருந்தால், தீயோ தண்ணீரோ இல்லாதவரை ஆளைத் தூக்காதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், மூச்சுக்கு இடைஞ்சலாக இருந்தால் தவிர. வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பைக்கில் வந்தவர் 'உங்க வண்டியில ஆயில் ஒழுகுது' என்று சைகை காட்டுகிறார். நிறுத்தலாமா?

உங்கள் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா, முள் ஏறுகிறதா, வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் வெளிச்சமும் ஆட்களும் உள்ள பங்க் வரை போய்ப் பாருங்கள். கவனத்தைத் திருப்பி லேப்டாப் பையை எடுத்துப் போவது பழைய தந்திரம். இறங்கினாலும் கதவைப் பூட்டிவிட்டு இறங்குங்கள். பஞ்சர் கடையிலும் பக்கத்திலேயே நில்லுங்கள், ஒவ்வொரு ஓட்டையையும் சோப்புத் தண்ணீரில் குமிழி வருவதைக் காட்டிய பிறகே, ஓட்டையை அடைக்கும் ரப்பர் குச்சியை வைக்கச் சொல்லுங்கள்.

டிக்கியில் எப்போதும் என்ன இருக்க வேண்டும்?

முக்கோணம், ஒளிரும் ஜாக்கெட், ஜாக்கி, ஸ்பேனர், இரண்டடி பைப், ஜம்பர் கேபிள், நெற்றியில் மாட்டும் டார்ச், ஒரு லிட்டர் கூலன்ட், இரண்டு லிட்டர் தண்ணீர், ஃபியூஸ் சில, பழைய பாய் ஒன்று. அலாய் வீலில் லாக் நட் போட்டிருந்தால் அதன் சாவி. அது இல்லாமல் எந்த ஸ்பேனரும் பயன்படாது, சர்வீஸ் விட்ட இடத்திலேயே மறந்துவிடுவார்கள், வண்டியைத் திரும்ப எடுக்கும்போது கேட்டு வாங்குங்கள். தீயணைப்புச் சிலிண்டரும் கண்ணாடிச் சுத்தியலும் டிக்கியில் இருந்தால் பயனில்லை, டிரைவர் சீட்டிலிருந்து கைக்கு எட்ட வேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது பங்க்கில் நாலு டயருக்கும் காற்று பார்க்கிறவரிடம், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.